எக்ஸ்ரே அறைப் பால்

அத்தியாயம் பதினான்கு

ஆஸ்பத்திரியின் பழைய சாமான் கொட்டகையில் மூன்று நாள் தும்மிக்கொண்டே தேடி, கடைசியில் பாங்குன் அந்த நீல அட்டை நோட்டைக் கண்டுபிடித்துவிட்டான் அல்லவா? எங்கள் கெபோன்சாரி ஊரே அவன் முதுகில் தட்டிக் கொடுத்தது. அவனைப் பெற்றவள் மட்டும் நோட்டைப் பார்த்ததும், "இதை எங்கேருந்துப்பா எடுத்தே?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். சந்தோஷத்தில் அழப் போகிறாள் என்று பிள்ளை நினைத்தான். பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கும்.

இன்று செவ்வாய்க்கிழமை. செமாராங் போகும் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். ஜன்னலோரம் அம்மா சுலாஸ்திரி, பக்கத்தில் மூத்த மகள் ரத்னோ, முன் சீட்டில் நோட்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பாங்குன்.

சுலாஸ்திரி மாவட்ட ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் பத்தொன்பது வருஷம் உதவியாளாக இருந்தவள். படம் எடுக்கும்போது அசையாமல் நிற்கத் தெரியாத குழந்தைகளையும் கிழவர்களையும் பிடித்துக்கொள்வதுதான் அவள் வேலை. கதிர் குழந்தை மேல் விழுந்தால் பிடித்த கை மேலும்தானே விழும்? ஈயக் கவசம் ஒன்றே ஒன்று இருந்தது. அதுவும் மடிப்பு மடிப்பாக விரிசல் விட்டது. இப்போது அவளுக்கு ரத்தப் புற்றுநோய். இங்கே கொடுக்கிற மருந்து வேலை செய்வதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. பெரிய டாக்டர் சொல்கிற வேறொரு மருந்து, இந்த நோய் வேலையால் வந்தது என்று நஷ்டஈட்டு அலுவலகம் ஒப்புக்கொண்டால்தான் கிடைக்கும். அதற்குத்தான் இந்த அலைச்சல் எல்லாம்.

ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றது அலுவலகம். காரணம் பேட்ஜ். கதிர் அறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது காட்டும். மாதம் ஒரு முறை சேகரித்துத் தலைநகருக்கு அனுப்பினால் அளந்து வரும். சுலாஸ்திரியின் பேட்ஜ் கடைசி ஒன்பது வருஷம் தொடர்ந்து ஒன்றுமே காட்டவில்லை. அதற்கு முந்தைய பதிவேடு அகப்படவில்லை. கதிரே படாதவளுக்குக் கதிரால் எப்படி நோய் வரும் என்று கேட்டார்கள். கேட்பது நியாயம்தானே?

பாங்குன் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தான். பேட்ஜுகளைச் சேகரித்து அனுப்பியவர் எக்ஸ்ரே அறையின் தலைவர் பாக் தர்சோனோ. பாக் என்றால் எங்கள் பேச்சில் ஐயா. ஆஸ்பத்திரி பெயர் கெடக்கூடாதென்று அவர்தான் அம்மாவின் பேட்ஜை மாற்றிவிட்டார் என்பது அவன் கட்சி. இன்றைக்கு அவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பஸ் அம்பாராவாவைத் தாண்டியபோது ரத்னோ முன் சீட்டுப் பக்கம் குனிந்து, பாக் தர்சோனோவை இதில் இழுக்காமல் இருக்க முடியாதா, நோட்டு ஒன்றே போதாதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்க்கா, நீ எப்போ அவருக்கு வக்கீலானே?" என்றான் பாங்குன் திரும்பாமலே. "எழுபத்திநாலு வயசுவரைக்கும் பென்ஷன் வாங்கிச் சாப்பிட்டாச்சு. எங்கம்மா கஞ்சி முழுங்க முடியாம கிடக்கா."

ரத்னோ பின்னால் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். பத்து வயதில் தெரிந்துகொண்டது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தது. இருபத்தைந்து வருஷமாக அந்தச் சத்தியத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

உங்காரான் நிறுத்தத்தில் வியாபாரிகள் ஏறினார்கள். பாங்குன் வறுத்த தோஃபுவும் பச்சை மிளகாயும் வாங்கினான். பாக்கெட் பால் விற்றவன் சுலாஸ்திரியின் வாடிய முகத்தைப் பார்த்து அவளிடம் ஒன்றை நீட்டினான். அம்மா கை நீட்டுவதற்குள் பிள்ளை முந்திக்கொண்டான். எங்கள் அம்மாவுக்குப் பால் என்றால் ஆகாது, வாசனை பட்டாலே குமட்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அவனை அனுப்பிவிட்டான். அவர்கள் வீட்டில் அது பழைய வேடிக்கை. ரத்னோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நஷ்டஈட்டு அலுவலக மாடி வராந்தாவில் பாக் தர்சோனோ ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட பாத்திக் சட்டை, கறுப்புத் தொப்பி. துணைக்கு ஒருத்தரும் இல்லை. சுலாஸ்திரியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ரத்னோ போய், பெரியவர்களை வணங்குகிற முறைப்படி அவர் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து பாங்குன் பக்கம் கையை நீட்டினார். அவன் அதைப் பார்க்காத மாதிரி செல்போனை எடுத்துப் பார்த்தான். பெரியவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள். அவர் பொறுத்துக்கொண்டார்.

விசாரணை அறையில் நீள மேஜை போட்டிருந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு அட்டைப்பெட்டிச் சிற்றுண்டி, ஒரு தண்ணீர்க் கோப்பை. வாழ்க்கையே போகிற விசாரணையாக இருந்தாலும் சிற்றுண்டிப் பெட்டி வைக்காமல் எங்கள் அலுவலகங்களில் ஒரு கூட்டமும் நடக்காது. சுலாஸ்திரி பெட்டியைத் திறந்து பார்த்தாள். வாழை இலையில் சுற்றிய ஒட்டரிசி உருண்டை, ஒரு கேக் துண்டு. மூடி, பைக்குள் வைத்துக்கொண்டாள். ரத்னோவின் மகளுக்கு. வாழ்நாளெல்லாம் அவள் எதையும் கிடைத்த இடத்தில் சாப்பிட்டதில்லை.

அதிகாரி பு ஹெஸ்தி, அதாவது ஹெஸ்தி அம்மா, நாற்பது வயதுப் பெண்மணி. குரல் உயர்த்தாதவர், நல்லவர்தான். பாங்குன் எழுந்து நோட்டை இரண்டு கையாலும் கொடுத்தான்.

அது பால் நோட்டு. அந்தக் காலத்தில் கதிர் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி சமையலறையிலிருந்து தினம் ஒரு குவளைப் பால் வரும். பால் குடித்தால் உள்ளே போன கெடுதலைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அதனால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கேயே குடிக்க வேண்டும், குடித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். தேதி, பெயர், 'இங்கேயே குடித்தேன்', கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சுலாஸ்திரி. ஒன்பது வருஷமும் விடாமல் சுலாஸ்திரி.

கதிருக்குள் நிற்காதவளுக்கு எதற்குப் பால் கொடுத்தார்கள் என்று பாங்குன் கேட்டான். பேசிப் பேசிப் பழகிவைத்திருந்த கேள்வி. நன்றாகத்தான் கேட்டான்.

பு ஹெஸ்தி பத்து நிமிஷம் பக்கங்களைப் புரட்டினார். இது வலுவான சாட்சிதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு பேட்ஜ் பதிவேட்டை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தினமும் கதிருக்குள் நின்றவளின் பேட்ஜ் ஒன்பது வருஷம் சும்மா இருக்க முடியாது. பதிவேட்டில் ஒவ்வொரு மாதமும் 'அணிந்திருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பவர் பாக் தர்சோனோ.

"இதுக்கு என்ன சொல்றீங்க, பாக்?"

பெரியவர் மேஜைமேல் வைத்திருந்த தன் கைகளையே பார்த்தார். விரல் நுனிகள் தோல் வறண்டு வெடித்துக் கிடந்தன. நகங்கள் கறுத்து நெளிந்திருந்தன.

"பொறுப்பு என்னோடதும்மா. தப்பு என்னோடதுன்னே எழுதிக்குங்க."

அப்படிச் சொன்னால் பேட்ஜ் விஷயத்தில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பு ஹெஸ்தி எச்சரித்தார். பென்ஷன் நிற்கலாம், வழக்கும் வரலாம். ஆனால் அந்தப் பதிவேடு செல்லாது என்றாகிவிட்டால் பு சுலாஸ்திரியின் மனுவை ஏற்பதில் தடை இருக்காது.

"தெரியும்மா. எழுதிக்குங்க," என்றார் மறுபடி.

பாங்குன் மேஜைக்கு அடியில் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினான். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். மருந்து கிடைத்துவிடும். சுலாஸ்திரி செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான், சும்மா உட்கார்ந்திருப்பது. பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. உயிர்மேல் யாருக்குத்தான் ஆசை இல்லை? அவளுக்கும் இருந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க வேண்டும் என்று போன வாரம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் பிள்ளையின் கையை மெல்ல விலக்கினாள்.

"எழுதாதீங்கம்மா. அவர் ஒண்ணும் பண்ணல. பேட்ஜைக் கழட்டி வெச்சது நான்."

அம்மாவுக்கு மருந்து மயக்கம், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறாள் என்று பாங்குன் எழுந்து சொன்னான். ரத்னோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

சுலாஸ்திரி நிதானமாகச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து பத்தாம் வருஷம் அவள் பேட்ஜ் அளவுக்கு மீறிக் காட்டிவிட்டது என்று தலைநகரிலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் எக்ஸ்ரே அறையிலிருந்து எடுத்துச் சலவைப் பிரிவில் போட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். அவளைக் காப்பாற்றத்தான் அந்த விதி. மறுநாளிலிருந்து அவள் காலையில் வந்ததும் பேட்ஜைக் கழற்றி, நோயாளிகள் பேர் பதிகிற ஜன்னல் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போவாள். சாயங்காலம் எடுத்துக் குத்திக்கொள்வாள். அந்த ஜன்னல் வரைக்கும் கதிர் வராது.

"சலவைக்குப் போயிருக்கலாமே?" என்றார் பு ஹெஸ்தி. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "உங்க உடம்புக்கு நல்லதுதானே அது?"

"சலவைல பால் கிடையாதும்மா."

இதைச் சொல்லிவிட்டு அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்ல ஏழு மாசத்துல பொறந்தது ஒண்ணு கிடந்துச்சு. எனக்குச் சுரக்கல. அதோட அப்பா லாரி கவுந்து போய்ச் சேந்துட்டாரு. டாக்டரு பால் குடு, பால் குடுன்னு சொல்வாரு. எங்கேருந்து குடுக்கறது? குவளையை வாங்கி, பிளாஸ்டிக் பைல ஊத்தி, ரப்பர் போட்டு, சோத்து டப்பாக்குள்ள வெச்சுக் கொண்டாருவேன். குடிச்சேன்னு கையெழுத்துப் போட்டதெல்லாம் பொய்மா. ஒரு நாளும் குடிச்சதில்ல."

ஒன்பது வருஷமா என்று பு ஹெஸ்தி கேட்டார்.

"முதல்ல பிள்ளை தேறட்டும்னு நினைச்சேன். அப்புறம் பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும்னு நினைச்சேன். அப்புறம் பழகிப்போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் விட்டாரு. தன் குவளையையும் என் பக்கம் தள்ளிட்டு, எனக்கு வயித்துக்கு ஆகாது சுலாஸ், கொண்டு போன்னுவாரு. பிள்ளை எத்தனை கிலோ ஏறிச்சுன்னு திங்கக்கிழமை திங்கக்கிழமை கேப்பாரு. இவரைப் போய் எழுதாதீங்க."

ரத்னோ சேலைத்துண்டு மாதிரி நீண்ட தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பத்து வயதில் மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது அந்த ஆணியைப் பார்த்தவள் அவள்தான். அம்மா பேர் எழுதின பேட்ஜ் இங்கே ஏன் தொங்குகிறது என்று கேட்டதற்குத்தான் அன்று சத்தியம் வாங்கினாள் அம்மா.

பாங்குன் அழவில்லை. அவன் அந்த நீல நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் தூசியில் தேடி, வெற்றி என்று தூக்கிக்கொண்டு வந்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது அவன் குடித்த பால். கெடுதலை அம்மா வாங்கிக்கொண்டு, அதற்கு மருந்து என்று நம்பியதைத் தனக்குக் கொடுத்துவிட்டாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

பு ஹெஸ்தி எழுதியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதி முடித்ததும் மறைக்காமல் சொன்னார். தன் பாதுகாப்பைத் தானே கழற்றியவருக்கு நஷ்டஈடு கொடுக்க விதி இடம் தருவது கஷ்டம், மேலதிகாரிகளிடம் பேசிப் பார்க்கிறேன், பதினான்கு நாளில் முடிவு வரும். அந்தப் பதினான்கு நாள் சுலாஸ்திரியிடம் இருக்கிறதா என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரும் எழுந்தபோது பு ஹெஸ்தி இன்னொன்று கேட்டார்.

"அந்த ஆணியில உங்க பேட்ஜ் ஒண்ணுதான் தொங்கிச்சா?"

சுலாஸ்திரி பெரியவர் பக்கம் திரும்பினாள். பாக் தர்சோனோ மேஜைமேல் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பு ஹெஸ்தி அந்தக் கைகள் போன இடத்தையே பார்த்தார். பிறகு, வருகிற திங்கட்கிழமை நீங்கள் மட்டும் தனியாக வந்து என்னைப் பாருங்கள், பாக், என்று மரியாதையாகச் சொன்னார்.

வராந்தாவில் பாங்குன் பெரியவர் முன்னால் போய் நின்றான். கையைக் கேட்டு வாங்கி, குனிந்து, அந்த வெடித்த விரல்களை நெற்றியில் வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"போதும்டா, முதுகு பிடிச்சுக்கப் போகுது," என்றார் பாக் தர்சோனோ. "அப்போ என் ஒரு கை நீளம்தான் இருந்தே. இப்போ பாரு, தென்னமரம் கணக்கா. பால் வீண் போகல."

பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது சாயங்கால அஸர் தொழுகைக்கு அழைப்பு முடிந்திருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம். சுலாஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு நேரமும் பிள்ளை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வெறுத்துவிட்டானோ என்று அவளுக்குப் பயம். மருந்து போனதுகூட அவளுக்கு அவ்வளவு பயமாக இல்லை.

பாங்குன் எதிரே இருந்த தள்ளுவண்டிக் கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் இஞ்சி தட்டிப் போட்ட சூடான பால் ஒரு கிளாஸ் இருந்தது. அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து நீட்டினான்.

பழக்கம் யாரை விட்டது? "எனக்குக் குமட்டும்ப்பா. நீ குடி," என்றாள் சுலாஸ்திரி.

"இல்லம்மா. இன்னிக்கு நீ இங்கேயே குடிக்கணும். நான் பாக்கணும்."

அவள் கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினாள். வாய்ப்புண் எரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. முதலில் ஒரு வாய் குடித்தாள். பிறகு நிறுத்தாமல் குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து குடித்துவிட்டு, உதட்டில் ஒட்டியதையும் நாக்கால் எடுத்துக்கொண்டாள். அவ்வளவு ஆசையாக அம்மா எதையும் குடித்து அவன் பார்த்ததே இல்லை.

"குமட்டுதா?" என்றான்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"எப்பவாவது குமட்டியிருக்கா, ம்மா?"

அதற்கும் இல்லை என்றுதான் தலையாட்டினாள். அப்போதுதான் பாங்குன் அழுதான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, பஸ் நிலையம் என்றுகூடப் பார்க்காமல் அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். சுலாஸ்திரி அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். தடவிக்கொண்டே நிமிர்ந்தவள் பார்வை, சற்றுத் தள்ளி மூன்று பேர் பையையும் தூக்கிக்கொண்டு தனியாக நின்ற மகளிடம் போய் நின்றது.

"எழுந்திரு ராசா," என்றாள். "போய் அக்காவுக்கு ஒரு கிளாஸ் வாங்கிட்டு வா. அவளும் நம்ம வீட்ல பால் பிடிக்காதுன்னு சொல்லியே வளந்தவ."